மூன்றாவது பெயர்

திரையில் என் பெயர் மூன்றாவதாக இருந்தது. அகர வரிசையாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். அகர வரிசை என்றால் நான்தான் முதலில் வந்திருக்க வேண்டும் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. கூட்ட அறையின் ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே யாரோ வைத்திருந்த பிளாஸ்டிக் வாளியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தடவை நிமிர்ந்து திரையைப் பார்த்தால் வாயில் என்ன வரும் என்று எனக்கே தெரியாது. கேட்டிருக்கலாம். அங்கேயே, அப்போதே, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். ஆனால் திரைக்குப் பக்கத்தில் நின்று, குச்சியால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக் காட்டி, 'ஆகவே வரிசை இப்படி அமைகிறது' என்று விளக்கிக்கொண்டிருந்தவர் என் கணவர்.

அவர் எங்கள் நிறுவனத்திலேயே எதிர்க் கட்டிடத்தில் வேலை பார்க்கிறார். முடிவெடுப்பது எப்படி என்று பாடம் நடத்துகிறவர். பாலத்தை எங்கே கட்டுவது, எந்த மருந்தை முதலில் வாங்குவது என்று நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது, ஒவ்வொரு பேச்சுக்கும் ஓர் எடை போட்டு, கட்டம் கட்டி, கூட்டிக் கழித்து, இதோ இதுதான் சரி என்று நீட்டுவது அவர் தொழில். வீட்டுக்குத் துணி துவைக்கும் சோப்பு வாங்குவதற்குக்கூட அட்டவணை போட்ட மனிதர். கடைசியில் கடைக்காரன் எதைக் கையில் கொடுத்தானோ அதைத்தான் வாங்கி வந்தார் என்பது வேறு விஷயம். கொஞ்ச காலமாக அவருக்கு ஒரு புதுப் பைத்தியம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் யார் பெயர் முன்னால் வருகிறது, யார் பெயர் பின்னால் போகிறது, யார் உழைப்பு யார் பெயரில் அச்சாகிறது என்பதையே ஆராய்வது. அது காதில் விழுந்ததும் எங்கள் துறைத்தலைவர் துள்ளிக் குதித்தார். அவரை நாங்கள் பெரிய சார் என்போம். சின்ன சார் என்று யாரும் கிடையாது.

"பேர் வரிசையில நாளைக்கு மனஸ்தாபம் வரக்கூடாது பாருங்க. உங்க வீட்டுக்காரரே வந்து பாகம் பிரிச்சுக் குடுக்கட்டும். நம்ம குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சிடும்" என்று அவர் சிரித்தபோது நானும் சிரித்தேன். வெட்கக்கேடு, நானும் சேர்ந்து சிரித்தேன்.

முறை எளியதுதான். கட்டுரையில் பெயர் வரப்போகிற நாலு பேரும் இந்த வேலையில் தன்னுடைய பங்கு நூற்றுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். என் கணவர் அதைக் கூட்டி, நூறுக்குள் அடக்கி, வரிசை போடுவார். யார் என்ன எழுதினார்கள் என்பது யாருக்கும் தெரியாது. திரையில் இருந்தது நூறுக்குள் அடக்கிய பிறகு வந்த கணக்கு. மாப்பிள்ளைக்கு முப்பத்திரண்டு. பெரிய சாருக்கு இருபத்தெட்டு. புள்ளிவிவரம் பார்த்துக் கொடுத்தவருக்கு இருபத்து நாலு. அவர் வேறு ஊரில் இருப்பவர், மின்னஞ்சலில் தவிர நான் பார்த்ததில்லை. எனக்குப் பதினாறு. எங்கள் தொழிலில் கட்டுரையின் கடைசிப் பெயர் தலைவருக்கு என்பது மரபு. அதனால் பெரிய சார் கடைசிக்குப் போக, நான் மூன்றாவது.

மாப்பிள்ளை என்பது மாப்பிள்ளை அல்ல. என்னைவிட ஐந்தாறு வயது இளையவன். எந்நேரமும் மடிப்புக் கலையாத சட்டையும் மூக்கைத் துளைக்கும் சென்ட்டுமாகப் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி வருவதால் அந்தப் பெயர். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். அக்கா, அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவான். பெரிய சார் போகும் வெளிநாட்டுக் கூட்டங்களுக்கெல்லாம் பெட்டி தூக்கிக்கொண்டு போய், படம் காட்டிப் பேசிவிட்டு வருவான். நான் எடுத்த படங்கள். கட்டுரையை எழுதியவனும் அவன்தான், அதை மறுக்கவில்லை.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டேன். நான் எழுதிக் கொடுத்தது நாற்பது. அது பதினாறாகச் சுருங்கியிருக்கிறது என்றால், நாலு பேர் எழுதியதும் சேர்ந்து இருநூற்றைம்பது. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. அப்படியானால் மாப்பிள்ளை எழுதியது எண்பது. பெரிய சார் எழுபது. முகம் தெரியாத அந்த மகராசன் அறுபது. படியிலேயே நின்றுவிட்டேன். அடப்பாவிகளா! ஒரே வேலையை இரண்டரை தடவை செய்து முடித்திருக்கிறார்கள். நான் மட்டும் மடச்சி மாதிரி, நாலு பேர் செய்த வேலை, எல்லாம் சேர்ந்து நூறுதானே வரும் என்று யோசித்து, பெரிய சாருக்கு இவ்வளவு போகட்டும், எழுதினவனுக்கு இவ்வளவு போகட்டும் என்று எல்லோருக்கும் பங்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை எனக்கு எழுதியிருக்கிறேன்.

என்ன வேலை என்று சொல்லாவிட்டால் இந்த வயிற்றெரிச்சல் புரியாது. நாங்கள் செய்வது ஊசி. வலிக்காத ஊசி. தலைமுடியைவிட மெல்லிய நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரு பொட்டு அளவு வில்லையில் நிற்கும். தோலில் ஒட்டிக்கொண்டால் மருந்து இறங்கும், ஒட்டியது தெரியாது. அதற்கான அச்சை சிலிக்கான் தட்டின் மேல் செய்வோம். தட்டில் ஒரு வகைப் பிசினைப் பூசி, சூடாக்கி, வேண்டிய வடிவம் வரைந்த மாஸ்க் ஒன்றின் வழியாக ஒளியைப் பாய்ச்சி, மறுபடி சூடாக்கிக் கழுவினால், ஒளி பட்ட இடம் மட்டும் நிற்கும். முதலில் தட்டையான அடித்தளத்துக்கு ஒரு மாஸ்க், பிறகு ஊசிகளுக்கு ஒரு மாஸ்க். சொல்வதற்கு ஒரு நிமிடம். ஆனால் எங்கள் ஊசிகள் கழுவி எடுக்கும்போது நிற்காது. அடியில் விரிசல் விட்டு, அறுத்த கதிர் மாதிரி சாய்ந்து கிடக்கும். பிசினை மாற்றிப் பார்த்தோம், சூட்டை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். பெரிய சார் வந்து பார்த்துவிட்டு 'இன்னும் யோசிங்க' என்று போய்விடுவார்.

யோசித்தது நான். மஞ்சள் விளக்கு மட்டும் எரியும், தூசி நுழையாத கிளீன் ரூமில், தலை முதல் கால் வரை வெள்ளை அங்கியில், மூக்கு அரித்தாலும் சொறிய முடியாமல், ஒரு வருஷம் முழுக்க நின்று யோசித்தது நான். தட்டைச் சூடாக்கியதும் எடுத்துக் கீழே வைப்பதில்தான் கோளாறு. அடுப்பை அணைத்துவிட்டு, தட்டை அதன் மேலேயே விட்டு, ஒரு மூடியைப் போட்டு மூடி, அடுப்போடு சேர்ந்து தானாக ஆறுகிற வரைக்கும் கையை வைக்காமல் இருந்தால் விரிசல் விழாது. அதோடு ஊசிகளின் அடியைக் கொஞ்சம் அகலமாக வரைந்தேன். முதல் முறையாக அத்தனை ஊசியும் நிமிர்ந்து நின்ற அன்று வெளியே வந்து அங்கியைக்கூடக் கழற்றாமல் ஓவென்று அழுதேன்.

மாஸ்க் வரைகிறவர்கள் அதன் மூலையில் தங்களுக்கென்று ஒரு சின்ன அடையாளம் வரைந்துகொள்வது எங்கள் உலகத்து வழக்கம். யாரும் சொல்லித் தருவதில்லை, யாரும் தடுப்பதும் இல்லை. நான் எறும்பு வரைவேன். சின்ன வயதிலிருந்தே வீட்டில் என்னை எறும்பு என்றுதான் கூப்பிடுவார்கள், ஓயாமல் எதையாவது தூக்கிக்கொண்டு அலைவேனாம். ஆறு காலும் இரண்டு மீசையுமாக, கண்ணுக்குத் தெரியாத ஓர் எறும்பு, அடித்தளத்தின் மூலையில். மைக்ராஸ்கோப்பில் தட்டை வைத்ததும் ஊசிகளைக் கூர்மையாகப் பார்ப்பது கஷ்டம். முதலில் எறும்பைத் தேடி, அதன் மீசை துல்லியமாகத் தெரிகிற வரைக்கும் குமிழைத் திருகிவிட்டு, அங்கிருந்து ஊசிகளுக்குப் போவது சுலபம். கொஞ்ச நாளில் ஆய்வகத்தில் அதுவே பேச்சாகிவிட்டது. 'எறும்பு தெரியுதா?' 'தெரியுது.' 'அப்ப சரி, மேல போ.'

இந்தக் கட்டுரையில் என் பெயர் முதலில் வந்தால்தான் எனக்கு நிரந்தர வேலை. விதி அப்படி, முதல் பெயராக ஒரு பெரிய கட்டுரையாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு ஒப்பந்தம் முடிகிறது, அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இது பெரிய சாருக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குத் தெரியும். குச்சி பிடித்து விளக்கிய என் கணவருக்கு மிக நன்றாகத் தெரியும்.

அன்று சாயங்காலம் அவர் செருப்பைக் கழற்றும் முன்பே ஆரம்பித்துவிட்டேன்.

"எனக்கு நாப்பதுன்னு எழுதலாமான்னு உங்களைக் கேட்டேனா இல்லையா? இதே இடத்துல வெச்சுக் கேட்டேனா இல்லையா?"

"கேட்டே."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதை உள்ளபடி எழுதுன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல முடியும்? நான் நடுவுல நிக்கிறவன். பொண்டாட்டிக்கு மட்டும் கூட்டி எழுதச் சொல்லணுமா?"

"மத்தவங்க எழுதினதைப் பார்த்தப்பவாவது உங்களுக்கு உறைக்கலையா? இருநூத்தம்பது வருதே, எவனோ பொய் சொல்றான்னு தெரியலையா?"

அவர் ஒரு கணம் தடுமாறினார். இருநூற்றைம்பது என்று நான் கண்டுபிடிப்பேன் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு, "பொய்னு சொல்ல முடியாது. அவங்கவங்க பங்கு அவங்கவங்களுக்குப் பெரிசாத்தான் தெரியும். அதனாலதான் நூறுக்குள்ள அடக்கறோம். எல்லாருக்கும் ஒரே அளவுலதான் வெட்டு. அதுதான் நியாயம்" என்றார்.

"ஊதினவனுக்கும் வெட்டு, ஊதாதவளுக்கும் வெட்டு. இது உங்க ஊர்ல நியாயமா?"

உள்ளே இருந்து என் மாமியாரின் குரல் வந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் ஊரார் பேச்சைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தவர். ஓய்வு பெற்றதும் அத்தனைக்கும் சேர்த்துப் பேசுகிறார். "ஏண்டா, உண்மையைச் சொன்னவ தலையிலதான் மிளகாய் அரைப்பியா? நல்ல படிப்புடா படிச்சே."

"அம்மா, நீ சும்மா இரு."

"நான் ஏன்டா சும்மா இருக்கணும்? சும்மா இருந்ததெல்லாம் போதும்."

எனக்கு அத்தையைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. தட்டில் சாதம் ஆறிக்கொண்டிருந்தது. நான் சாப்பிடவில்லை, கத்திக்கொண்டிருந்தேன். "கேக்கிற கேள்வியே தப்பு. உன் பங்கு எவ்வளவுன்னு ஒருத்தனை ஏன் கேக்கணும்? அவனை விட்டுட்டு மத்த மூணு பேருக்கும் எவ்வளவுன்னு கேளுங்க. அப்பத் தெரியும் யார் என்ன செஞ்சான்னு. தன்னைப் பத்திச் சொல்லும்போதுதானே வாய் நீளும்? அடுத்தவனைப் பத்திக் கேட்டா அளந்துதான் பேசுவான்."

அவர் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது. "இரு, இரு. இதை இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன். கோபத்தில் இன்னும் தெளிவாகவே சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து, பால்காரர் ரசீதின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். "இதை வெச்சுத் திருப்பிப் போட்டுப் பாக்கலாம்" என்றார். இரண்டு நாளில் மற்ற மூன்று பேருக்கும் மதிப்புப் போடச் சொல்லி எனக்கு ஒரு தாள் கொடுத்தார். மற்றவர்களிடமும் வாங்கிவிட்டதாகச் சொன்னார். சரி, மனுஷனுக்கு உறைத்துவிட்டது, எனக்காக ஓடுகிறார் என்று நினைத்தேன். அன்று அவருக்குப் பிடிக்கும் என்று காபியில் சர்க்கரைகூடக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டேன்.

அதன் பிறகு அதைப் பற்றிப் பேச்சு மூச்சு இல்லை. நான் கேட்டபோதெல்லாம் 'வேலை நடக்குது' என்றார். இதற்கிடையில் பத்திரிகையிலிருந்து நாலு பேருக்கும் மின்னஞ்சல் வந்தது. இந்தப் பெயர் வரிசைக்குச் சம்மதிக்கிறேன் என்று ஆளாளுக்கு ஒரு பொத்தானை அழுத்த வேண்டும்; ஒருவர் அழுத்தாவிட்டாலும் கட்டுரை வராது. மூன்று பேர் அன்றைக்கே அழுத்திவிட்டார்கள். நான் அழுத்தவில்லை. பெரிய சார் கூப்பிட்டு அனுப்பினார்.

"என்னம்மா, சம்மதம் குடுக்கலையாமே? மறந்துட்டியா?"

"மறக்கலை சார். வரிசை சரியில்ல."

"உன் வீட்டுக்காரரே போட்ட வரிசைம்மா!" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, கணினியை என் பக்கம் திருப்பினார். "அது கிடக்கட்டும். முதல் படம் நல்லா வந்திருக்கு. மூலையில மட்டும் ஒரு பூச்சி இருக்கு பார். அதை வெட்டி எடுத்துடு. ஆராய்ச்சிக் கட்டுரையில பூச்சி புழுவெல்லாம் இருந்தா நல்லாவா இருக்கும்?"

இத்தனை வருஷமாக அந்தப் படங்களைப் பார்த்திருக்கிறார். அது என்னவென்று ஒரு நாளும் கேட்டதில்லை. "அது எறும்பு சார்" என்றேன்.

"எறும்போ ஈயோ, எடுத்துடும்மா."

காது ஜிவ்வென்று சுட்டது. ஆனால் அவருக்கு என்னிடம் இன்னொரு வேலையும் ஆக வேண்டியிருந்தது. கட்டுரையைப் பரிசீலித்தவர்கள், ஊசிகளை இன்னும் நெருக்கமாக நிறுத்தி ஒரு தட்டு செய்து காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அதைத் தானே செய்துவிடுவதாகக் கிளம்பி ஒரு வாரமாகத் தட்டுகளை உடைத்துக்கொண்டிருந்தான். முதல் பெயர்க்காரன் அல்லவா, ஆசை இருக்காதா? வெளியே வரும்போது என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அக்கா, கட்டுரையில எழுதியிருக்கிற மாதிரியேதான் பண்றேன். விரிசல் விழுதுக்கா. என்னன்னே புரியலை."

கட்டுரையில் அந்த இடத்தில் அவன் எழுதியிருந்தது ஒரே வரி: 'பின்னர் அறை வெப்பநிலைக்குக் குளிர்விக்கப்பட்டது.' என்னுடைய ஒரு வருஷம் அந்த ஒரு வரி. அதை எழுதியவன் அதையே படித்து, கொதிக்கக் கொதிக்கத் தட்டை எடுத்து எஃகு மேசையில் வைத்துக் குளிர்வித்துக்கொண்டிருக்கிறான். ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. இன்னொரு பக்கம் அவன் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

"நூத்துக்கு எண்பது உன்னுதுதானேப்பா. யோசிச்சுப் பாரு" என்றேன். அவன் முகம் செத்துவிட்டது.

கடைசியில் பெரிய சாரே வந்தார். நான் செய்து தருகிறேன், பெயர் வரிசையைத் திரும்பப் பேச வேண்டும் என்றேன். "அதையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்மா. முதல்ல வேலை முடியட்டும்" என்றார். அந்த அப்புறம் எந்தக் காலத்திலும் வராது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் என் கணவர் துள்ளலோடு வந்து என் மடியில் ஒரு கட்டுரையை வைத்தார். சுடச்சுட அச்சடித்தது, தாள் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. "படிச்சுப் பாரு. எழுத்துப் பிழை இருந்தா வட்டம் போடு. உனக்குத்தான் கண்ணு கூர்மை" என்றார். தலைப்பில் கூட்டு ஆராய்ச்சி, பங்கு, பெயர் வரிசை, முடிவெடுப்பு என்று எல்லா வார்த்தையும் இருந்தது. கீழே ஒரே ஒரு பெயர், அவருடையது.

படித்தேன். நுண்ணிய ஊசி அச்சு செய்யும் ஓர் ஆய்வகத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார். பெயர் சொல்லாமல், பங்கேற்பாளர் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. தன் பங்கைத் தானே சொல்லச் சொல்லும் முறையில் உள்ள கோளாறை விளக்கியிருக்கிறார். ஊதியவனுக்கும் ஊதாதவருக்கும் ஒரே வெட்டு விழுவது எப்படி அநியாயம் என்று இரண்டு பக்கம். பிறகு, 'இக்குறையைக் களைய இவ்வாசிரியர் முன்வைக்கும் புதிய முறை' என்று ஒரு தலைப்பு. தன்னை விட்டுவிட்டு மற்றவர்களை மதிப்பிடச் செய்வது. நான் சாதத்தைத் தொடாமல் கத்திய கத்தல், வரிக்கு வரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

அதற்குப் பின் இரண்டாவது அட்டவணை. புதிய முறையில் கிடைத்த வரிசை. முதல் இடம், பங்கேற்பாளர் மூன்று. மற்ற மூவரும் ஒருவர் பாக்கியில்லாமல் அதிக மதிப்புக் கொடுத்திருப்பது பங்கேற்பாளர் மூன்றுக்கு.

நான் அந்தக் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை எனக்குத்தான் அதிகம் போட்டிருக்கிறான். பெரிய சார் எனக்குத்தான் போட்டிருக்கிறார். முகம் தெரியாதவர்கூட. அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை, சொன்னால் புரிந்துகொள்வார்கள் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கிறது!

"இது எப்ப வந்தது?"

"எது?"

"இந்த ரெண்டாவது அட்டவணை."

"அது ஆச்சு, மூணு வாரம்."

"மூணு வாரமா தெரியும். பெரிய சார்கிட்ட ஏன் சொல்லலை?"

"எப்படிச் சொல்றது? தனித்தனியா வாங்கினது. ரகசியம் காப்போம்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன். இது ஆய்வுக்காக வாங்கினது. அங்க எடுத்த முடிவு வேற, இது வேற. ரெண்டையும் குழப்பக்கூடாது." பொறுமையாக, வகுப்பில் சொல்வது போல் சொன்னார். "நீ சந்தோஷப்படுவேன்னு நினைச்சேன். உன் பக்கம்தான் நியாயம்னு நிரூபணம் ஆயிடுச்சு பார்."

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். நன்றி சொல்லும் இடத்தில், பணம் கொடுத்த அமைப்புக்கும் தட்டச்சுக்கு உதவியவருக்கும் பிறகு ஒரு வரி. 'என் மனைவியின் பொறுமைக்கு நன்றி.'

"இந்தப் புது முறை யாரோட யோசனை?" என்றேன்.

"நாம பேசிட்டிருந்தப்ப வந்தது..."

"நாமளா? நீ சோறு தின்னுட்டிருந்தே. நான்தான் பேசிட்டிருந்தேன்." கல்யாணமானதிலிருந்து நான் அவரை நீ என்று சொன்னதில்லை. அது தானாக வந்தது, வந்ததற்கு வருத்தமும் இல்லை. "உன் அட்டவணையை எடு. போடு. யோசனை யாருது? நூத்துக்கு எவ்வளவு?"

"என்ன பேசறே நீ? வீட்டுல பேசற பேச்சையெல்லாம் கணக்குல சேர்க்க முடியுமா?"

சமையலறை வாசலில் அத்தை நின்றுகொண்டிருந்தார். கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே மகனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு என்னிடம், "விடாதே" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"சேர்க்க வேண்டாம்" என்றேன். "பங்கேற்பாளர் மூணு நான்தானே? என் பதிலைப் போட நான் சம்மதம் குடுத்தாத்தானே இது வெளிய போகும்? அவ ஒத்துக்கலைன்னு எழுதிக்கோ."

நாலு பேரில் ஒருவர் விலகினால் அந்தக் கட்டுரையில் என்ன மிஞ்சும் என்று அவருக்குக் கணக்குப் போடத் தெரியும். "எறும்பு, கோபத்துல முடிவெடுக்காதே" என்றார்.

"எடுத்துட்டேன்."

மறுநாள் காலையில் கணினியில் புதுத் தட்டுக்கான மாஸ்க்குகளைத் திறந்தேன். ஊசிகளை நெருக்கி வைத்தேன். அடித்தளத்தின் மாஸ்க்கில், மூலையில் இருந்த எறும்பை, பெரிய சார் சொன்னபடியே, அழித்தேன். காலியான மூலையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அதே மாஸ்க்கில் வரைய ஆரம்பித்தேன். ஊசிக்கு ஒரு குறையும் வராதபடி இடம் அளந்து வரைந்தேன். வேலையைக் கெடுப்பது என் புத்தியில்லை. அங்கியை மாட்டிக்கொண்டு உள்ளே போய், பிசின் பூசி, ஒளி காட்டி, சூடாக்கி, அடுப்பை அணைத்து, மூடியைப் போட்டு மூடினேன். ஆறுகிற வரைக்கும் பக்கத்திலேயே நின்றேன். எனக்குள் எதுவும் ஆறவில்லை. கண்ணாடிக்கு வெளியே மாப்பிள்ளை வந்து நின்று, மூடியைப் பார்த்து, வாயைப் பிளந்தான். அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

கழுவி எடுத்த தட்டை மைக்ராஸ்கோப் அறைக்குக் கொண்டுவந்து வைத்தபோது பெரிய சாரும் வந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"அடடா! ஒண்ணுகூடச் சாயலையே! பிரமாதம்மா, பிரமாதம்." தட்டை நகர்த்தி மூலைக்குப் போனார். "அந்தப் பூச்சியையும் எடுத்துட்டே. நல்லது. இன்னைக்கே படத்தை அனுப்பிடலாம். அந்தச் சம்மதத்தையும் அப்படியே..."

"வரிசை மாறட்டும் சார். குடுக்கறேன்."

"அதான் அப்புறம்னு சொன்னேனே."

"யார் பேர் முதல்ல வரணும்னு உங்களுக்குத் தெரியும் சார். யாரும் பார்க்கலைன்னா சரியாத்தான் எழுதறீங்க."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். பெரிய சார் கண்ணை எடுக்கவில்லை. ஆனால் குமிழில் இருந்த அவர் விரல்கள் அசையாமல் நின்றன.

"ஊசி முனையைப் பார்த்தது போதும் சார். கொஞ்சம் கீழ இறங்கிப் பாருங்க" என்றேன்.

அவர் குமிழைத் திருகினார். ஊசிகளின் கூர் மங்கி, அடி தெளியும் வரைக்கும் திருகினார். பிறகு தட்டை இடப்பக்கம் நகர்த்தினார். நிறுத்தினார். வலப்பக்கம் நகர்த்தினார். மேலே, கீழே, மறுபடி இடப்பக்கம். "என்ன சார்?" என்று மாப்பிள்ளை கேட்டான். வெட்டி எடுக்க ஒரு மூலையும் இல்லாமல், ஊசிக்கு ஒன்றாக, வரிசை வரிசையாக, மீசையை நீட்டிக்கொண்டு, அத்தனை எறும்பும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன.